கணு பார்த்து வெட்டு

குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கவாத்து செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. இந்தத் தேதிகளை மனப்பாடம் செய்துகொண்டுதான் ஆயாவிடம் வேலை கற்கப் போனேன். ஆயா எந்தக் கையேட்டையும் படித்தவர் இல்லை. ஆனாலும் அவர் வெட்டுகிற உயரம் முழங்காலைத் தொட்டு நிற்கும். அளந்தால் ஏறத்தாழ அதே 50 செ.மீ. காலமும் கார்த்திகை தீபத்தை ஒட்டித்தான் வரும். ஒரே கணக்குக்கு அவர் வேறு வழியில் வந்து சேர்ந்திருந்தார். அந்த வழியைத்தான் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

வளவனூருக்கு வெளியே, விழுப்புரம்–புதுச்சேரி சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவில் ஆயாவுக்கு ஒரு துண்டு மல்லித் தோட்டம் இருக்கிறது. எனக்கு அவர் உறவில்லை. தெருவே ஆயா என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். சொந்தமாகத் தோட்டம் போடுவதற்கு முன்பு பல வருஷம் கூலிக்குப் பூப் பறித்தவர். மல்லி மொட்டு விரிவதற்கு முன்பே, விடியாத இருட்டில் பறித்துவிட வேண்டும். கண்ணுக்கு வேலையில்லாத அந்த நேரத்தில் விரல்கள் தாமாகவே மொட்டு இருக்கிற குச்சியைத் தேடிப் போகும். எந்தக் குச்சி பூக்கும், எது பூக்காது என்று அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. கவாத்து ஆம்பளை வேலை என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் இன்னும் உண்டு. ஆயா அதை ஒத்துக்கொள்ள மாட்டார். "பறிக்கிறவளுக்குத் தெரியாதது வெட்டறவனுக்கு எப்படித் தெரியும்?" என்பார்.

எங்கள் வீட்டுச் செடிகள்தான் என்னை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. அப்பாவும் அம்மாவும் அண்ணன் வீட்டோடு போய்விட்டதால் சில வருஷம் பூட்டிக் கிடந்த வீடு. நான் திரும்பி வந்தபோது செம்பருத்தி மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரைத் தாண்டியிருந்தது. நந்தியாவட்டை கிணற்றடியை மூடியிருந்தது. வாசல் நடைபாதையில் பாதியை இட்லிப்பூ வரிசை எடுத்துக்கொண்டது. காகிதப்பூக் கொடி கேட்டின் மேல் ஏறி, முள்ளோடு ஆள் தலைக்குத் தொங்கியது. கொல்லையில் அரளி, டிசம்பர் பூ, ஒரு மூலையில் காய்ந்த குச்சிகளுக்கு நடுவே அம்மா வைத்த குண்டுமல்லி. எல்லாம் உயிரோடு இருந்தன. ஆனால் பூ எங்கோ உச்சியில் மட்டும் இருந்தது, கைக்கு எட்டாமல்.

வேலி வெட்டும் நீளக் கத்தரி ஒன்றை வாங்கி, முதலில் இட்லிப்பூவில் கை வைத்தேன். நுனிகளையெல்லாம் சீராக நறுக்கி, செடிகளை உருண்டை உருண்டையாக்கினேன். அன்று சாயங்காலம் பார்க்க மிக அழகாக இருந்தது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அந்த வரிசையில் ஒரு கொத்துப் பூ வரவில்லை. இலை மட்டும் நெருக்கி வந்தது. கொஞ்சம் வளர்ந்ததும் மறுபடி நறுக்கினேன். மறுபடி இலை வந்தது. உரம் போதவில்லை என்று நினைத்து உரம் வைத்தேன். அதற்கும் இலைதான் வந்தது.

தெருவில் பூ விற்க வந்த ஆயா ஒருநாள் வாசலில் நின்று அந்த உருண்டைகளைப் பார்த்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு செடிக்குள் இரண்டு கையையும் விட்டு விலக்கிக் காட்டினார். வெளியே ஒரு விரல் கனத்துக்குத்தான் பச்சை. உள்ளே இலையே இல்லாத வெறும் சாம்பல் நிறக் குச்சிகள், செத்துப்போன சிறு கிளைகள், சிலந்தி வலை. "வெயிலே உள்ள போவல பாரு. இந்தச் செடிக்கு நுனியிலதான் பூ. நீ நுனியையே வெட்டிக்கினு இருந்தா அது எங்க பூக்கும்? பூவை வெட்டிப்புட்டு செடியை வெட்டினேன்றியே பாப்பா." அப்படிச் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. செடிக்காக வருத்தப்பட்டார். கற்றுக்கொடுக்க முடியுமா என்று அன்றைக்கே கேட்டேன்.

அவர் உடனே கத்தரியைக் கையில் தரவில்லை. "மொதல்ல வந்து பறி" என்றார்.

ஆடி மாதத்து இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மடியில் பூ சேர்க்கப் போனேன். எனக்கு எதுவும் சரியாக வரவில்லை. அழுத்திப் பிடித்த மொட்டுகள் கொஞ்ச நேரத்தில் பழுப்பேறின. நாளை பறிக்க வேண்டிய பிஞ்சு மொட்டும் இன்றைக்கே வந்தது. காம்பை மட்டும் கிள்ளத் தெரியாமல், கொழுந்தோடு சேர்த்து ஒடித்தேன். என் மடியைக் கொட்டிப் பார்க்கும்போது ஆயா அந்த ஒடிந்த கொழுந்துகளைத் தனியாகப் பொறுக்கி எடுத்து, வரப்பில் வரிசையாக வைப்பார். "இது ஒண்ணொண்ணும் அடுத்து வர்ற பூ" என்பார். வேறு திட்டு இல்லை. ஆனால் வரப்பில் அந்த வரிசை நீளமாக இருந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

அந்த வரிசை குறையக் குறைய, செடி எனக்கு விளங்கத் தொடங்கியது. மொட்டுக் கொத்து எப்போதும் இளம் தளிரின் நுனியில் இருந்தது. அந்தத் தளிர் விரலில் மெத்தென்று, மிக மெல்லிய மயிர் பூசியது போல் படும், வளைத்தால் வளையும். அதற்குக் கீழே, போன பருவத்துக் குச்சி பழுப்பு கலந்த பச்சை. வளைத்தால் எதிர்த்து நின்று பிறகு முறியும். அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான பழைய மரம். பழைய மரத்தில் ஒரு மொட்டைக்கூட என் விரல் சந்தித்ததில்லை. ஆனால் அந்த மரத்தின் கணுவிலிருந்துதான் தளிர் கிளம்பியது. மல்லிக்கு ஏன் கவாத்து தேவை என்ற கேள்விக்கு இதுதான் விடை: பூப்பது புதுத் தளிர், புதுத் தளிர் வர வேண்டுமானால் பழையதைக் குறைக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருக்கிறேன். விரல் நுனியில் தெரிய ஒரு பூப்பருவம் முழுக்கப் போனது.

கத்தரி கைக்கு வந்தபோது புதுக் கஷ்டங்கள் தொடங்கின. கவாத்துக் கத்தரியில் ஒரு பக்கம் மெல்லிய வெட்டும் அலகு, மறு பக்கம் குச்சியைத் தாங்கும் தடித்த வளைவு. மெல்லிய அலகு செடியில் மிச்சம் இருக்கப்போகிற பக்கம் இருக்க வேண்டும். தடித்த வளைவு நசுக்கினாலும் அந்த நசுங்கல் விழப்போகிற துண்டோடு போய்விடும். நான் பல நாள் தலைகீழாகவே பிடித்தேன். ஆயா வெட்டுவாயைத் தன் பெருவிரலால் தடவுவார். வழவழவென்று இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த குச்சிக்குப் போவார். நார் தட்டுப்பட்டால், அதே இடத்தில் என் விரலையும் வைக்கச் சொல்வார். நசுங்கிய வெட்டில் ஈரமும் தூசியும் தங்கும். அங்கேதான் குச்சி கறுக்கத் தொடங்கும். சரியான வெட்டுக்கு ஒரு சத்தம் உண்டு, குட்டையாக, ஒரே தடவையில் முடிகிற சத்தம். மணிக்கட்டைத் திருகினால்தான் வெட்ட முடிகிறதென்றால் அந்தக் குச்சி கத்தரிக்கு உரியது இல்லை, ரம்பத்துக்கு உரியது. என் பெருவிரல் கனத்தை எல்லையாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

எங்கே வெட்டுவது என்பது அதைவிடக் கடினம். இலை பிறக்கிற முடிச்சு கணு. அந்தக் கணுவில், இலைக்காம்பின் கக்கத்தில் அரிசி நுனியளவு ஒரு புடைப்பு இருக்கும். அதுதான் கண். வெட்டு கண்ணுக்கு மேலே அரை செ.மீ. தள்ளி விழ வேண்டும். நான் பயத்தில் நிறைய விட்டு வெட்டினேன், கண்ணுக்கு அடிபடக்கூடாதென்று. இரண்டு வாரம் கழித்து, கணுவுக்கு மேலே நான் விட்ட அந்த மொட்டைக் குச்சிகள் எல்லாம் காய்ந்து கறுத்து நின்றன. சிலவற்றில் அந்தக் கறுப்பு கணுவைத் தாண்டிக் கீழே இறங்கி, தப்பிக்க வேண்டும் என்று நான் நினைத்த கண்ணையே கொன்றிருந்தது. கண்ணுக்கு மேலே இருக்கிற தண்டுக்கு இலையும் இல்லை, கிளையும் இல்லை. அதற்குச் சாறு ஏற வேலை இல்லை. அடுத்த தடவை பயந்து ஒட்ட வெட்டினேன். கண்ணே வெட்டுண்டு போனது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள அரை செ.மீ.யைக் கண் அளவுக்குக் கொண்டுவர எனக்கு நெடுநாள் ஆனது.

மல்லி, இட்லிப்பூ, நந்தியாவட்டை மூன்றிலும் இலைகள் எதிர் எதிராகப் பிறக்கின்றன. ஒரே கணுவில் இரண்டு கண்கள். அங்கே நேராக வெட்ட வேண்டும். செம்பருத்தியிலும் காகிதப்பூவிலும் ரோஜாவிலும் இலை மாறி மாறி வருவதால் ஒரு கணுவுக்கு ஒரே கண். கண் இருக்கிற பக்கம் உயர்ந்தும் எதிர்ப்பக்கம் தாழ்ந்தும் சாய்த்து வெட்ட வேண்டும், மழைத் தண்ணீர் கண்ணில் வடியாதபடி. அந்தக் கண்ணும் செடிக்கு வெளிப்புறம் பார்த்த கண்ணாக இருக்க வேண்டும். உள்ளே பார்த்த கண்ணின் மேல் வெட்டினால் அடுத்த கிளை நடுவில் புகுந்து, எல்லாம் ஒன்றோடு ஒன்று உரசும்.

நுனியை வெட்டினால் கீழே இருக்கிற கண்கள் ஏன் விழிக்கின்றன என்று ஆயாவிடம் கேட்டேன். "மேல இருக்கறவன் போனாத்தானே கீழ இருக்கறவனுக்குத் தைரியம் வரும்" என்றார். பிறகு படித்தபோது அது அறிவியலிலிருந்து அதிகம் தள்ளியில்லை என்று தெரிந்தது. நுனிக்கொழுந்தில் ஆக்சின் என்ற பொருள் உண்டாகிக் கீழே இறங்குகிறது. பக்கக் கண்களை வளரவிடாமல் அது அடக்கி வைக்கிறது என்று 1930களில் கென்னத் திமனும் ஃபோக் ஸ்கூகும் சோதித்துக் காட்டினார்கள். நுனி போனதும் அந்த அடக்குமுறை தளர்கிறது. நான் இட்லிப்பூவில் செய்ததும் இதையேதான். எல்லா நுனியையும் ஒரே தளத்தில் வெட்டியதால் எல்லாக் கண்களும் அந்த ஒரே தளத்தில் விழித்து, கூட்டமாக இலை விட்டு, உள்ளே வெளிச்சத்தை அடைத்துவிட்டன.

என் மனசில் மிக ஆழமாக நிற்பது செம்பருத்தியில் நடந்தது. மாடிச் சுவரைத் தாண்டிய அந்தச் செடியில் மணிக்கட்டுக் கனத்தில் ஒரு கிளை இருந்தது. ஆயா வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற ஆசையில் கைரம்பத்தை மேலிருந்து வைத்து இழுத்தேன். முக்கால்வாசி அறுபட்டதும் கிளை தன் பாரத்தில் முறிந்து விழுந்தது. விழும்போது அடிப்பட்டையை உரித்துக்கொண்டே போனது. செம்பருத்திப் பட்டை முழுக்க நார். ஒரு முறை பிய்ந்தால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. தாய்த்தண்டில் ஒரு முழத்துக்கு மேல் வெள்ளையாக, ஈரமாக, உரிந்து கிடந்தது. ஆயா வந்து பார்த்து அதன் ஓரத்தைக் கத்தியால் சீராக்கினார். என்னிடம் பேசவில்லை. அந்தத் தண்டு இரண்டு மழைக்காலம் போராடியது. காயத்தின் ஓரத்தில் புதுப்பட்டை உருண்டு வந்தது. ஆனால் மூடுவதற்குள் நடுவில் மரம் மக்கிவிட்டது. கடைசியில் அதை அடியோடு எடுக்க வேண்டியதாயிற்று. அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் வைத்த செடி அது. பக்கத்துத் தண்டு உயிரோடு இருப்பதுதான் எனக்கு ஆறுதல்.

கனமான கிளையை மூன்று வெட்டில் எடுக்க வேண்டும் என்று அதன் பிறகு கற்றேன். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, முதலில் கிளையின் அடியிலிருந்து மேல் நோக்கிக் கால்வாசி அறுக்க வேண்டும். அதற்கு விரல் அளவு வெளியே, மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை முறிந்தாலும் உரிதல் முதல் வெட்டில் வந்து நின்றுவிடும். பாரம் போன பிறகு மிச்சமிருக்கும் கட்டையை மூன்றாவது வெட்டில் எடுக்க வேண்டும்.

அந்த மூன்றாவது வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதைத்தான் ஆயா என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு சிறிய வீக்கம் இருக்கிறது, பட்டை சுருங்கி வளையம் போட்டிருக்கும். கண்ணால் பார்த்தால் சில செடிகளில் தெரியாது; பெருவிரலை மெதுவாக ஓட்டினால் மேடு தட்டும். "இந்த மேட்டை வெட்டாத. இது தாயோடது" என்றார். தண்டோடு சேர்த்து வழித்தால்தான் சுத்தமாக இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்து, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைக்கிறது என்று 1970களில் விளக்கினார். அந்த வீக்கம்தான் சுவர் எழும்பும் இடம். அதை வழித்தெடுத்தால் அழுகல் தண்டுக்குள் போக வழி கிடைக்கும் என்றும் எச்சரித்தார். காயத்துக்கு மேல் பூசும் பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் அவர் கண்டதுதான். ஆயா பெரிய வெட்டுகளுக்குச் சாணியும் செம்மண்ணும் பூசுவார். நான் இப்போது பூசுவதில்லை. இது ஒன்றில்தான் நானும் ஆயாவும் வேறுபடுகிறோம். ஆனால் அவர் பெருவிரல் தேடிய மேடும் ஷிகோ காட்டிய மேடும் ஒன்றுதான் என்று தெரிந்த நாளில், அவரிடம் கற்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று எனக்குப் புரிந்தது.

வருஷக்கணக்கில் புதராகிப்போன செடியை ஒரே நாளில் திருத்த முடியாது. மல்லி மொத்தமாக வெட்டினாலும் தாங்கும். அதன் சுபாவம் அப்படி. இட்லிப்பூவும் நந்தியாவட்டையும் மெதுவாக எழுபவை. அவற்றில் தூரிலிருந்து வரும் தண்டுகளில் மிகப் பழையதாகப் பார்த்து மூன்றில் ஒரு பங்கை மட்டும், தரையை ஒட்டி எடுக்க வேண்டும். அடுத்த வருஷம் இன்னொரு பங்கு, அதற்கடுத்த வருஷம் மிச்சம். மூன்றாம் வருஷம் முடியும்போது செடி முழுக்கப் புதியதாக இருக்கும். இடையில் எந்த வருஷமும் பூ நிற்காது. வெட்டத் தொடங்கும் முன் காய்ந்தது, நோய் பிடித்தது, உரசுவது மூன்றையும் எடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்வார் ஆயா. காய்ந்ததா என்று சந்தேகம் வந்தால் நகத்தால் கீற வேண்டும். உள்ளே பச்சை என்றால் உயிர், பழுப்பு என்றால் இல்லை. பாதி நேரம் இதோடே வேலை முடிந்துவிடும். அடியிலிருந்து சடசடவென்று நேரே மேலேறும் நீர்ப்போத்துகளில் எனக்கு முதலில் பெரிய மோகம் இருந்தது, எவ்வளவு செழிப்பு என்று. அவை கணு நீண்டு, சாற்றைக் குடித்து, பூக்காமல் நிற்கும் என்பதை ஒரு பருவம் அவற்றை வளர்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எல்லாவற்றையும் எடுக்கவும் கூடாது. தூரில் வெற்றிடம் இருக்கிற பக்கம் வருகிற ஒன்றை விட்டு, முழங்கால் உயரத்தில் நுனி கிள்ளினால் அதுவே நாளைய தண்டு.

அரளிக்குத் தனியாக ஒரு பாடம். அதன் பால் விஷம். கையுறை போடாமல் தொடக்கூடாது, வெட்டிய கையால் கண்ணைத் தொடக்கூடாது, கழிவை மாடு ஆடு மேயும் இடத்தில் போடக்கூடாது, எரிக்கவும் கூடாது. புகையிலும் விஷம் இருக்கிறது. அரளி வெட்டுகிற அன்று தெருப் பிள்ளைகள் யாரும் கொல்லைப் பக்கம் வராமல் ஆயா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

எப்படி என்பது கைக்கு வந்த பிறகும் எப்போது என்பதில் நான் பலமுறை தோற்றேன். டிசம்பர் பூ எங்கள் பக்கம் மார்கழியில் ஊதாவாகப் பூத்து நிற்கும். பெண்கள் கோத்துத் தலையில் வைப்பார்கள். மழைக்கு முன்னால் சுத்தம் செய்யலாம் என்று ஐப்பசியில் அதை வெட்டினேன். வெட்டு ஒவ்வொன்றும் சரியாக விழுந்திருந்தது, எல்லாம் கணுவுக்கு மேலே. ஆனால் அந்த மார்கழியில் எங்கள் கொல்லையில் மட்டும் பூ இல்லை; மொட்டு வைக்கத் தயாராக இருந்த தளிர்களைத்தான் நான் எடுத்திருந்தேன். பூத்து முடிந்ததும் வெட்டு என்பதே அதற்கான விதி. மாசியில் வெட்டினால் வெயிலும் மழையும் தாண்டித் தளிர்விட அதற்கு முழு வருஷம் கிடைக்கும். காகிதப்பூவையும் ஒவ்வொரு முறை பூ உதிர்ந்ததும் நுனி மட்டும் குறைத்து, தண்ணீரைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் மறுபடி பூக்கிறது. செம்பருத்தி ஏறக்குறைய எப்போதும் புதுத் தளிரில் பூப்பதால் அதற்கு இவ்வளவு கண்டிப்பு இல்லை. கடும் மழையும் கத்திரி வெயிலும் தவிர்த்தால் போதும்.

மல்லியின் காலம் வேறு விதமான சோதனை. பனியும் குளிரும் தொடங்கினால் பூ குறையும், கார்த்திகை முதல் தை வரை விலை ஏறி நிற்கும். செடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சப் பூவுக்கும் புதுச்சேரிச் சந்தையில் நல்ல காசு கிடைக்கும் அந்த நேரத்தில்தான் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்ட வேண்டும். பொங்கல் வரைக்கும் பறித்துவிட்டு வெட்டலாமே என்று கேட்டேன். "அந்தக் காச பார்த்தா பங்குனிப் பூ போயிடும்" என்றார் ஆயா. வெட்டுவதற்குக் கொஞ்ச நாள் முன்னாடியே தண்ணீரை நிறுத்திச் செடியை ஓய விடுவார். பிறகு ஒவ்வொரு புதரையும் கயிற்றால் சுற்றி இழுத்துக் கட்டி, ஒரே உயரத்தில் வெட்டி, கட்டை அவிழ்த்து உள்ளே இருக்கிற காய்ந்ததையும் நெருக்கத்தையும் கழிப்பார். அடியில் கொத்திவிட்டு, செடிக்கு 10 கிலோ தொழு உரம். தழைச்சத்து 60, மணிச்சத்து 120, சாம்பல் சத்து 120 கிராம் என்பது ஒரு செடிக்கு ஒரு வருஷத்துப் பரிந்துரை. அதில் பாதி கவாத்தின்போது, மீதி ஆனி ஆடியில். அதற்குப் பிறகுதான் தண்ணீர். தளிர் வந்து, மாசி பங்குனியில் முதல் பூ.

2024-ல் கையேட்டுத் தேதி வந்ததும் எங்கள் வீட்டு மூலை மல்லியை நானே வெட்டினேன். வானம் கறுத்திருந்தது. ஆயா தன் தோட்டத்தில் கை வைக்கவில்லை; என்னையும் பொறுக்கத்தான் சொன்னார். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. எங்கள் கொல்லையில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. வெட்டுவாய் ஆறாத, இலையே இல்லாத அந்தச் செடியின் குச்சிகள் நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே இறங்கின. வேர் மூச்சு விடவும் வழியில்லை. தூரிலிருந்து ஒரே ஒரு போத்து வந்ததால் அது பிழைத்தது. தேதியில் தவறில்லை. அது மாநிலத்துக்கே பொதுவாகச் சொன்னது; வடகிழக்குப் பருவமழையின் உச்சம் எங்கள் ஊரில் அதே வாரத்தில் வந்து விழலாம் என்பதை நான்தான் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஆயாவின் தோட்டத்திலும் வெள்ளம்தான். மழை விட்டதும் அவர் கத்தரியை எடுக்கவில்லை, மண்வெட்டியை எடுத்தார். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவிட்டோம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பிலிருந்து உள்ளே இறங்குவார். மண் பாதத்தில் அப்பினால் திரும்பிவிடுவார். எனக்குப் பதைப்பாக இருந்தது. மார்கழியும் பாதி போய்விட்டது. ஒருநாள் இறங்கி நடந்துவிட்டுத் திரும்பி, பாதத்தைத் தூக்கிக் காட்டினார். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. "இப்ப கட்டு கயிற" என்றார். அந்த வருஷம் பூ பங்குனி பாதிக்கு மேல்தான் வந்தது. ஆனால் வந்தது, செடிக்குச் சேதமில்லாமல்.

அந்தக் கவாத்தின்போதுதான் முதல் தடவையாக என்னை ஒரு வரிசையைத் தனியே வெட்டவிட்டார். பாதி வரிசை போன பிறகு, ஒரு புதரின் முன்னால் என் கை தானாக நின்றது. இரண்டு குச்சிகள், இரண்டும் நல்லவை, ஒன்று போக வேண்டும். முன்பெல்லாம் இந்த இடத்தில் ஆயாவைத் திரும்பிப் பார்ப்பேன். அன்று இரண்டையும் விரலால் பிடித்தேன். ஒன்றின் மேல்கணுவில் கண்கள் வெளியே பார்த்துப் புடைத்திருந்தன. இன்னொன்றின் கண்கள் தட்டையாகவே இருந்தன. வெட்டிவிட்டு நகர்ந்தேன். அடுத்த புதரிலும் அப்படியே நடந்தது. வரிசை முடிந்த பிறகுதான் ஆயாவை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று உணர்ந்தேன். அவர் வந்து, பெருவிரலால் சில வெட்டுகளைத் தடவிப் பார்த்து, "அந்தப் பக்க வரிசையும் நீயே எடுத்துக்கோ" என்றார். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை அப்பா அம்மாவிடம் போனில் சொல்லத் தெரியவில்லை. மல்லி வெட்டினேன் என்று மட்டும் சொன்னேன்.

ஆயாவின் தோட்டத்து ஓரத்தில் கொஞ்சம் முல்லை இருக்கிறது. தை கடைசியில் 45 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, கொடியைப் புதராக்கி வைத்திருக்கிறார். திருக்கோவிலூரில் பெண்ணையாற்றில் கபிலர் குன்றைப் பார்த்துவிட்டு வந்த பேத்தி, கபிலரின் நண்பன் பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதையை அவருக்குச் சொன்னாளாம். ஆயா அதை மிகவும் ரசித்தார். படர இடமில்லாத கொடியின் தவிப்பைப் பார்த்து நின்ற ராஜாவின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. "நின்னு பார்த்தான் பாரு, அதான்" என்றார்.

இப்போது தெருவில் சிலர் தங்கள் செடிகளுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். போனவுடன் வெட்டுவதில்லை. போகும்போது கத்தரியின் அலகை டெட்டால் தண்ணீரில் துடைத்துக்கொள்கிறேன், ஒரு வீட்டுச் செடியின் நோய் இன்னொரு வீட்டுக்குப் போகாமல். செடி எதில் பூக்கிறது, கடைசியாக எப்போது பூத்தது என்று முதலில் கேட்கிறேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும், அதற்குள் டிசம்பர் பூவை வெட்டிவிடு என்று எதிர்வீட்டு அக்கா கேட்டபோது, கிளைகளைக் கயிற்றால் சுவரிலிருந்து இழுத்துக் கட்டித் தந்தேன். மாசியில் வந்து வெட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் இட்லிப்பூ வரிசையில் இன்னும் ஒரு பங்குப் பழைய தண்டு பாக்கி இருக்கிறது. வரும் வருஷம் அதையும் எடுத்துவிடுவேன்.